இருபது நிமிஷத்துக்கு ஒரு மூடி

மூன்றாவது மூடியும் உள்ளே போயிற்று. மூடி என்றால் இருமல் மருந்து ஊற்றிக் குடிக்கிற பிளாஸ்டிக் மூடி. அதில் வேகவைத்த இறால், சுண்டுவிரல் நகம் அளவு. மஞ்சள் கிடையாது, மிளகாய் கிடையாது, வெறும் உப்பு. தையல்நாயகி மென்று விழுங்கி, நர்ஸ் சொன்னபடி நாக்கை நீட்டிக் காட்டினாள். அறுபத்து மூன்று வயதுப் பெண்டாட்டி நாக்கை நீட்டுவதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள், பதினொன்று பத்து. இன்னும் மூன்று மூடி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இருபது நிமிஷம். உதடு வீங்குகிறதா, தடிப்பு வருகிறதா, குரல் கம்முகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். இதுதான் சோதனை. இவளுக்கு ஆகாது என்று இரத்தச் சோதனைத் தாளில் சிவப்பாகப் போட்டிருக்கிற பண்டத்தையே, ஊசியையும் ஆக்ஸிஜனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துளித்துளியாக ஊட்டிப் பார்ப்பது. அதற்குத்தான் குத்தாலத்திலிருந்து தஞ்சாவூருக்கு முதல் பஸ். எனக்கு உட்காரத் தெரியாது. முப்பத்து நான்கு வருஷம் மின்வாரியம், லைன் இன்ஸ்பெக்டராக வெளியே வந்தவன். ஏறு, முடி, இறங்கு. இங்கே ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. பார்த்துக்கொண்டே இரு என்கிறார்கள். பார்க்கிறேன். ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்குகிறது. நாலு மாதத்துக்கு முன்னால் அந்த ரவிக்கை அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது கிலோ. நோய் தின்ற ஒன்பது கிலோ இல்லை அது. நான் எடுத்தது. அதையாவது ஒத்துக்கொண்டேன், மகள் முன்னால், டாக்டர் முன்னால். இன்னொன்று இருக்கிறது. போன வாரம் டாக்டர் கேட்டாள், அந்தத் தடிப்பு வந்த அன்றைக்கு ஏதாவது மாத்திரை போட்டீர்களா அம்மா என்று. இல்லை என்றாள் இவள், சட்டென்று. போட்டாள். நான்தான் கொடுத்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்த மாத்திரை அட்டை இப்போதும் என் சட்டைப்பையில் இருக்கிறது.

மறந்துபோயிற்று என்று சொல்லலாம். யாரும் நம்புவார்கள், எழுபது வயசு. ஆனால் மறக்கவில்லை. ஆனி மாசக் கடைசி ஞாயிறு. செம்பனார்கோயிலில் அவள் தம்பி பேத்திக்குக் காதுகுத்து. மாயவரத்தில் இறங்கி அடுத்த பஸ் பிடிக்க வேண்டும். இவளுக்கு முழங்கால். நின்று நின்று வந்தாள். நான் முன்னால் போய்த் திரும்பிப் பார்ப்பேன், நிற்பாள். மறுபடி போய்த் திரும்பிப் பார்ப்பேன், நிற்பாள். பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. பைக்குள் என் இடுப்புவலிக்கு வாங்கிய அட்டை. ஒன்றைப் பிதுக்கி, தண்ணீர் பாட்டிலையும் கையில் கொடுத்து, இதைப் போடு, நட என்றேன். என்ன மாத்திரை என்று கேட்கவில்லை. நான் எதைக் கொடுத்தாலும் போட்டுக்கொள்வாள், நாற்பது வருஷப் பழக்கம். அவள் கணக்கில் அது மாத்திரையே இல்லை, என் அவசரத்தில் ஒன்று, அவ்வளவுதான். அதனால்தான் டாக்டரிடம் இல்லை என்றாள். பொய் சொல்லவில்லை அவள். பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். பந்தியில் கறி, இறால் தொக்கு, முட்டை, எல்லாம். இரண்டாம் தடவை இறால் கேட்டு வாங்கினாள். ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும், தாம்பூலம் வாங்கும்போது கழுத்தைச் சொறிந்தாள். அப்புறம் கை. அப்புறம் உதடு ஒரு பக்கம் கொழுக்கட்டை மாதிரி. கண் மூடிக்கொண்டது. ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டோம். வாட்ச்மேன் வழி சொல்வதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார்கள். இறால் என்றேன். எல்லாரும் இறால் என்றார்கள். கேட்டவர் எழுதிக்கொண்டார். அதோடு முடிந்தது.

முடிந்ததா. நான் விட்டிருந்தால் முடிந்திருக்கும். எனக்குத்தான் எதுவும் நிச்சயமாக வேண்டும். டவுனில் ஒரு லேபில் நூற்றிருபது உணவுக்கும் ஒரே இரத்தத்தில் பார்க்கிறோம் என்று போர்டு வைத்திருந்தான். டாக்டர் யாரும் எழுதித் தரவில்லை. நானே கூட்டிக்கொண்டு போனேன். நாலு நாளில் புத்தகம் மாதிரி ரிப்போர்ட். பத்தொன்பது இடத்தில் சிவப்பு. இறால், நண்டு சரி. பால், முட்டை, கோதுமை, உளுந்து, நிலக்கடலை, தேங்காய், கத்தரிக்காய், இன்னும் என்னவோ. பாசிட்டிவ், பாசிட்டிவ், பாசிட்டிவ். இவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, இதுல நான் இதுவரைக்கும் தின்னாத பண்டம் ஒண்ணாவது இருக்கா பாருங்க என்றாள். இல்லை. எல்லாம் தினம் தின்றதுதான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் வேறு மாதிரி யோசித்தேன். எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. செத்த கம்பி என்று நிரூபிக்கிற வரைக்கும் எல்லாக் கம்பியும் உயிருள்ள கம்பி. கம்பத்தில் ஆள் ஏறுமுன் துணைமின் நிலையத்தில் எல்.சி. எழுதி வாங்குவோம். இந்த லைனை அணைத்தாயிற்று, உன் பேரில் இருக்கிறது, நீயே வந்து கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருகிறவரை கலெக்டர் வந்தாலும் கரண்ட் போடமாட்டோம் என்று அதற்கு அர்த்தம். வாங்கியவன்தான் திருப்பித் தர வேண்டும். வேறு ஆள் தர முடியாது. நான் என் பெண்டாட்டி தட்டுக்கு எல்.சி. வாங்கிவிட்டேன். பத்தொன்பது லைனையும் அணைத்தேன். பட்டியலை எழுதி அடுப்படி அலமாரியில் ஒட்டினேன். உளுந்து டப்பாவையும் கடலை எண்ணெயையும் எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். பால்காரனை நிறுத்தினேன். அவளுக்கு அரிசிக் கஞ்சி, பாசிப்பருப்பு, புடலங்காய், பீர்க்கங்காய். மறுநாள் பீர்க்கங்காய், புடலங்காய். நானும் அதையேதான் தின்றேன், அதில் ஒன்றும் பெருமை இல்லை, நான் கடையில் போய் டீயும் மசால் வடையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அவள் போகவில்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டில் தோசை வார்க்கிற வாசனை வந்தது. சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். என்ன என்றேன். வாசனைக்கும் சிவப்பு மை போட்டிருக்காங்களா, பாத்துச் சொல்லுங்க என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் பட்டியலைப் பார்த்தேன். நிஜமாகவே போய்ப் பார்த்தேன். வாசனை பற்றி ஒன்றும் இல்லை என்று வந்து சொன்னேன். இப்போது நினைத்தால் காதெல்லாம் சுடுகிறது.

நாலாவது மூடி. பதினொன்று முப்பது. இரண்டு நகம் அளவு. நர்ஸ் குட்டித் தராசில் நிறுத்துப் போடுகிறாள், தங்கக்கடை மாதிரி. இறால் நான் வாங்கியது. நானே உரித்து, குடல் எடுத்து, வேகவைத்து, எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தேன். அவளை அடுப்புப் பக்கம் விடவில்லை, ஆவி பட்டுவிட்டால் என்ன செய்வது. வாயில் போட்டதும் நர்ஸிடம் சொல்கிறாள், ஏம்மா இது வெந்தது போதாது, யாரு வேகவச்சா தெரியுமா, கம்பத்துல வேலை பாத்தவரு. நர்ஸ் சிரிக்கிறாள். நான் சிரிக்கவில்லை. கழுத்தைப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. கழுத்தில் எலும்பு தெரிகிறது, முன்னே தெரியாத எலும்பு. கார்த்திகையில் குளியலறை வாசலில் மயங்கி விழுந்த பிறகுதான் மகளுக்குச் சொன்னேன். மங்கையர்க்கரசி கோயம்புத்தூரில் பள்ளிக்கூடத்து டீச்சர். வந்தாள், அம்மாவைப் பார்த்தாள், அலமாரியில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தாள், கிழித்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் ஏச்சு. மறுநாள் இந்த டாக்டர். நஸ்ரின் என்று பேர், மங்கையைவிடச் சின்னப் பெண். ரிப்போர்ட்டைப் புரட்டக்கூட இல்லை, மேஜை ஓரமாக வைத்துவிட்டு இவளையே பார்த்துக் கேட்டாள், இதில் எதைச் சாப்பிட்டு உங்களுக்கு என்ன ஆயிற்று, எத்தனை நேரத்தில் ஆயிற்று, மறுபடி சாப்பிட்டபோது ஆயிற்றா. பால் குடித்து என்ன ஆயிற்று. ஒன்றும் இல்லை. உளுந்து. ஒன்றும் இல்லை. அப்படியானால் இன்று இரவே தோசை சாப்பிடுங்கள் என்றாள். தாளில் பாசிட்டிவ் என்றால் உடம்புக்கு அந்தப் பண்டத்தை அடையாளம் தெரிகிறது என்றுதான் அர்த்தம், சண்டை போடுகிறது என்று அர்த்தம் இல்லை, சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர்களுக்கு இந்தச் சோதனையே எடுத்திருக்கக் கூடாது என்றாள். எனக்கு அந்த இடத்தில் குளிர்ந்துவிட்டது. ஏனென்றால் எனக்கு இது தெரியும். நியான் டெஸ்டரை வைத்தால் செத்த கம்பியிலும் சில நேரம் மினுக்கும். பக்கத்து லைன் ஓடினால் போதும், சும்மா மினுக்கும். பல்பைப் போட்டுப் பார்த்தால் எரியாது. மினுக்குவதை நம்பி முடிவு கட்டாதே, லோடு கொடுத்துப் பார் என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். அதே நான் பத்தொன்பது மினுக்கலை நம்பி நாலு மாதம் வீட்டை இருட்டடித்துவிட்டேன்.

இறால் மட்டும் வேறு கேஸ் என்றாள் டாக்டர். சாப்பிட்டது, தடித்தது, அதனால் சந்தேகம் நியாயம். தோலில் குத்திப் பார்த்ததிலும் தடிப்பு வந்தது. ஆனாலும் வீட்டுத் தூசியும் கரப்பான்பூச்சியும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இறாலும் சேர்ந்து மினுக்குமாம், இரண்டும் ஒரே சாயலாம். வெளியே வந்ததும் தையல்நாயகி, கரப்பானும் எறாவும் பங்காளின்னு இத்தனை நாளா யாரும் எனக்குச் சொல்லலியே என்றாள். மங்கை சிரித்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். நல்ல நேரம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மங்கை என் பக்கம் திரும்பினாள், சிரிப்பு நின்றது, நான் ஆட்டோ கூப்பிடப் போய்விட்டேன். இது என்ன பழக்கம். கேட்கிற இடத்தில் வாய் பூட்டிக்கொள்வது, கேட்காத இடத்தில் கத்துவது. அன்றைக்கும் அப்படித்தான். கலியமூர்த்தி. என் கீழ் வேலை பார்த்த லைன்மேன். நினைக்கக் கூடாது என்றால் இந்த நாற்காலியில் அதுதான் வருகிறது. ஐப்பசி, வயலுக்கு நடுவில் கம்பம், இன்சுலேட்டர் மாற்ற வேண்டும், மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. எல்.சி. என் பேரில். வாங்கியாயிற்று, லைன் செத்தாயிற்று. அப்புறமும் மூன்று கம்பிக்கும் எர்த் ராடு மாட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும், யாராவது எங்கேயாவது திருப்பி ஊட்டினால் அது மண்ணுக்குப் போய்விடும். ராடு வண்டியில் கிடந்தது. வண்டி ரோட்டில் நின்றது. வயலில் முழங்கால் சேறு. அவன் என்னைப் பார்த்தான். எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்கவில்லை, பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். ஏறினான். ஐந்து நிமிஷ வேலை. எவனோ ஒரு மில்காரன் ஜெனரேட்டரைப் போட்டான், எங்கள் லைனைப் பிரிக்கிற சுவிட்சைத் தள்ளாமல். செத்த கம்பிக்கு உயிர் வந்துவிட்டது. கலியமூர்த்தி கத்தவில்லை. பெல்ட்டில் தொங்கினான். மழை வருமுன்னே இறக்கிவிட்டோம். மழை வரவே இல்லை அன்றைக்கு. விசாரணையில் கேட்டார்கள், எர்த் ராடு மாட்டச் சொன்னீர்களா என்று. சொன்னேன் சார் என்றேன். மாட்டாமல் ஏறிவிட்டான் என்று எழுதிக்கொண்டார்கள். அவன் தப்பு என்று ஆயிற்று. அவன் பெண்டாட்டிக்கு வேலை கொடுத்தார்கள், பணம் கொடுத்தார்கள், எல்லாம் கொடுத்தார்கள். தப்பையும் சேர்த்துக் கொடுத்தோம். இவளிடம்கூட நான் சொன்னதில்லை. இருபத்தாறு வருஷம். இவள் அந்த அம்மாளோடு சேர்ந்து அழுதாள், நான் வாசலில் நின்று வண்டிக்காரனைத் திட்டினேன்.

ஐந்தாவது. பதினொன்று ஐம்பத்தைந்து, நர்ஸ் ஐந்து நிமிஷம் தாமதம், போன் பேசிக்கொண்டிருந்தாள். சொன்னேன். முறைத்தாள். இந்தத் தடவை முழு இறால் ஒன்று. தையல்நாயகி இரண்டாகக் கடித்துத் தின்றாள். ஒன்றும் இல்லை. உதடு அப்படியே. கை அப்படியே. எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. இறால் இல்லை என்றால் வேறு எது. எனக்குத் தெரியும் வேறு எது. தெரிந்த ஒரே ஆள் நான். காலையில் வீட்டுப் படி இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், ஏங்க, அன்னிக்குக் காதுகுத்துக்குப் போறப்பக் குடுத்தீங்களே, ரோஸ் கலர்ல, அதுல ஒண்ணு குடுங்க, நல்லாக் கேட்டுச்சு. நல்லாக் கேட்டதாம். தீந்துபோச்சு என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், வேகமாக நடந்தேன். அவள் நொண்டிக்கொண்டே பஸ் ஏறினாள், நொண்டிக்கொண்டே இறங்கினாள், இந்த ஆஸ்பத்திரி மாடிப்படி பதினெட்டையும் ஒவ்வொன்றாக ஏறினாள். வழி முழுக்கப் பேசவில்லை. நர்ஸிடம் பேசுகிறாள், என்னிடம் இல்லை. இன்றைக்கு இறால் ஒன்றும் செய்யாது என்று இவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். இவள் சந்தோஷமாகப் போவாள். எங்கேயாவது விருந்து. முழங்கால் வலிக்கும். கடையில் போய் ரோஸ் மாத்திரை என்று கேட்டால் கொடுத்துவிடுவான், எவன் சீட்டுக் கேட்கிறான். நான் பக்கத்தில் இருப்பேனோ மாட்டேனோ. போன தடவை உதடு. அடுத்த தடவை தொண்டை. சொல்லிவிடு. சொன்னால் என்ன. மங்கைக்குத் தெரிந்துவிடும். பட்டியல் ஒட்டி அம்மாவைப் பட்டினி போட்டவர், அதற்கு முன்னால் மாத்திரையும் கொடுத்தவர், அதையும் மறைத்தவர். தெரியட்டும். தெரிந்தால் என்ன, தலையா போகும். தலை போகாது. வேறு என்னவோ போகும், அதற்குப் பேர் தெரியவில்லை. நஸ்ரின் வரட்டும் சொல்கிறேன். இல்லை, தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறேன். தனியாக எதற்கு. தனியாகச் சொல்வதும் மறைப்பதும் ஒன்றுதான். அதற்குள் இவள் நர்ஸிடம் கேட்கிறாள், கீழே மெடிக்கல் ஷாப் இருக்காம்மா. இருக்கும்மா, படி இறங்கினதும் இடது பக்கம், எதுக்கு. முழங்காலுக்கு ஒரு மாத்திரை வாங்கணும், போறப்ப.

டாக்டர் உள்ளே வந்தாள். கடைசித் தடவைக்கு மூடி இல்லை, சின்னக் கிண்ணமே வைத்திருந்தார்கள், நாலு முழு இறால். எப்படிம்மா இருக்கு, நல்லாயிருக்கும்மா, அரிப்பு, இல்லம்மா. டாக்டர் காதில் குழாயை மாட்டி முதுகில் வைத்துக் கேட்டாள். நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை, உட்கார்ந்துகொண்டே சொல்லியிருக்கலாம். டாக்டர், அன்னிக்கு மாத்திரை போட்டாங்களான்னு கேட்டீங்க. குழாய் காதில் இருந்தது, அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டம். அன்னிக்கு மாத்திரை போட்டாங்களான்னு கேட்டீங்க. போட்டா. நான்தான் குடுத்தேன். எப்போது என்று கேட்டாள் டாக்டர். சாப்பாட்டுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால். எந்த மாத்திரை. பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பின்பக்கத்தைப் படித்தாள். இன்னிக்கு இதில ஒண்ணும் போடலியே என்றாள், குரல் கொஞ்சம் வேகமாக. இல்லை என்றேன். அம்மா, நீங்க சொல்லுங்க என்றாள் இவளிடம். தையல்நாயகி அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லம்மா, கேட்டேன், தரல என்றாள். டாக்டர் ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளைத் திருப்பி எழுத ஆரம்பித்தாள். எழுதிக்கொண்டே சொன்னாள். இந்த வகை மாத்திரை சிலருக்கு இப்படித் தடிப்பு கிளப்பும். மாத்திரை மட்டுமே காரணமாக இருக்கலாம். தனியாக இறால் ஒன்றும் செய்யாது, தனியாக மாத்திரையும் செய்யாது, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் செய்யும் என்றும் இருக்கலாம், அப்படியும் ஆட்கள் உண்டு. இன்றைக்கு இறாலை முடித்துவிடுவோம். மாத்திரையை இன்னொரு நாள், இதே அறையில், என் கண் முன்னால்தான் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் இந்தப் பேரில், இதன் வகையில் எதுவும் வாயில் போகக் கூடாது. முழங்காலுக்கு வேறு எழுதித் தருகிறேன். எந்தக் கடையில், எந்த ஆஸ்பத்திரியில் கேட்டாலும் முதலில் இதைச் சொல்லுங்கள் அம்மா. பிறகு என்னைப் பார்த்தாள். நீங்க சொல்லலன்னா இன்னிக்கு நெகட்டிவ்னு எழுதி அனுப்பியிருப்பேன் ஐயா, தைரியமாச் சாப்பிடுங்கன்னு சொல்லியிருப்பேன் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அட்டையைத் தாளோடு சேர்த்துக் கிளிப்பில் மாட்டிக்கொண்டு, கிண்ணத்தை இவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, நர்ஸைக் கூப்பிடக் கதவருகே போனாள்.

அறையில் நாங்கள் இரண்டு பேர். ஏசி உறுமுகிறது. நான் நின்றுகொண்டே இருந்தேன். உக்காருங்க என்றாள். உட்கார்ந்தேன். அட்டை பையிலதான் இருந்துச்சு, எனக்குத் தெரியும் என்றாள். வெள்ளைச் சட்டைதானே போட்டிருக்கீங்க, உள்ள இருக்கறது தெரியாதா. பஸ்ல பக்கத்துலதானே உக்காந்து வந்தேன். தீந்துபோச்சுன்னீங்க. எனக்கு ஒரு மாத்திரை தரக்கூட மனசு இல்லாமப் போச்சுன்னு நெனச்சேன், வழியெல்லாம் அதையேதான் நெனச்சுக்கிட்டு வந்தேன், நாலு மாசம் சோறு நின்னுச்சு, இப்ப மாத்திரையும் நின்னுச்சுன்னு. குரல் கம்மியது. குரல் மாறினால் நர்ஸைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டித் தடுத்தாள், இது எறா இல்ல, சும்மா இருங்க என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பயமா இருந்துச்சு தையலு என்றேன். எதுக்கு என்று கேட்டாள். எல்லாத்துக்கும் என்றேன். பயம் என்பது எனக்கு வராத வார்த்தை, வாய் தானாகச் சொல்லிற்று. அவள் என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம், மீட்டர் படிக்கிறவன் பார்க்கிற மாதிரி, ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று. நாலு மாசம் எனக்குத்தான் பத்தியம்னு நெனச்சேன், உங்களுக்கும் பத்தியம்தான் போல, பேச்சுக்கு என்றாள். இன்னும் என்னென்ன வச்சிருக்கீங்க உள்ள என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு விளையாட்டாகக் கேட்கவில்லை. ஒண்ணு இருக்கு, வீட்டுக்குப் போய்ச் சொல்றேன் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது அவளுக்கு. சரி என்றாள்.

நர்ஸ் வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு முப்பத்தொன்று. சாப்பிடலாம்மா, அப்புறம் இரண்டு மணி நேரம் இங்கேயே இருக்கணும். சரி என்றாள் தையல்நாயகி. முதல் இறாலை எடுத்தாள், வாயருகே கொண்டுபோனாள், நிறுத்தினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், உதட்டை, கழுத்தை, கையை, மூன்றையும் ஒரே நேரத்தில். ஏங்க, ஒரு வாய் தின்ன விடுங்க, அந்தப் பக்கம் திரும்புங்க என்றாள். நர்ஸ் பாத்துக்குவா. திரும்பினேன். எதிரே பச்சை பெயிண்ட் அடித்த சுவர், ஒரு காலண்டர், ஒரு ஆணி. நாலு மாதத்தில் அவள் சாப்பிடும்போது நான் பார்க்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை. முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தேன். மெதுவாக மென்றாள். விழுங்கினாள். கிண்ணத்தில் விரல் படுகிற சத்தம். அடுத்ததை எடுத்தாள்.